மூக்குப் பொருத்தம்

கணவனுக்கும் மனைவிக்கும் மூக்கு பொருந்தவில்லை என்று சொல்வது நறுமுகைக்குப் பழகிப்போன வேலை. அதைக் கேட்டதும் மனைவிமார்கள் பார்க்கிற பார்வைதான் இன்னும் பழகவில்லை.

"இன்னொரு தடவ பாருங்க டாக்டர்" என்றாள் பவித்ரா. "குச்சிய இன்னுங்கொஞ்சம் உள்ள விடுங்க. நான் தும்ம மாட்டேன்."

"மூணு தடவ எடுத்தாச்சும்மா. மிஷின் சொன்னதையேதான் சொல்லுது. நூத்துக்கு நாப்பத்தெட்டு. குறைஞ்சது அறுபது வேணும்."

"என்னது, நாப்பத்தெட்டா? கல்யாணம் ஆனதுல இருந்து ஒரே வீட்டுலல்லா இருக்கோம்?"

"ஒரே ரூம்லயா?"

பவித்ரா சேலைத் தலைப்பின் ஓரத்தை விரலில் சுற்றினாள். "ஒங்களுக்குக் கல்யாணம் ஆயிட்டா டாக்டர்?"

"இன்னும் இல்லம்மா."

"அப்பச் சொன்னாப் புரியாது. அவுக கொறட்டை விட்டா சுவத்துல மாட்டுன காலண்டர் ஆடும். ஏழெட்டு வருஷமா நான் மாடி, அவுக கீழ."

"பேசிக்கிடுறது?"

"பேசாம என்ன? நான் அடுப்படில இருந்து கத்துவேன், அவுக வாசல்ல இருந்து கத்துவாக. நல்லாத்தான் பேசிக்கிடுவோம்."

நறுமுகை முகக்கவசத்துக்குள் சிரித்துக்கொண்டாள். அடுப்படியிலிருந்து வாசலுக்குக் கத்தினால் சொல் போய்ச் சேரும். கிருமி போய்ச் சேராது. அது பாதி வழியிலேயே தரையில் விழுந்துவிடும்.

அந்த ஐப்பசியில் கோவில்பட்டி முழுக்கச் சளி. மழை விட்டாலும் மூக்கு விடவில்லை. பெரும்பாலானவர்களுக்கு வந்தது, ஒழுகியது, போனது. பவித்ராவின் கணவர் செண்பகராஜுக்கு மட்டும் மூக்கிலிருந்து தொண்டைக்கும் தொண்டையிலிருந்து நெஞ்சுக்கும் இறங்கிவிட்டது. கடலைமிட்டாய்ப் பட்டறையில் கொதிக்கும் பாகுக்கு முன்னால் வாழ்நாளெல்லாம் நின்ற திடமான மனிதர், இப்போது மேல்மாடி வார்டில் ஆக்சிஜன் குழாயோடு படுத்திருந்தார். அவருடைய தாத்தா காலத்தில் என்றால் நாலு மாத்திரையில் எழுந்து உட்கார்ந்திருப்பார். ஆனால் தாத்தாக்கள் தலைவலிக்கும் தும்மலுக்கும் அந்த மாத்திரைகளை மிட்டாய் மாதிரித் தின்று தீர்த்ததில், கிருமிகள் அவற்றுக்குப் பழகிவிட்டன. மிச்சமிருந்த நம்பகமான வழி ஒன்றுதான். அதற்கு நாசி நடவு என்று பெயர்.

"நடவுன்னா? நாத்து நடுவாகளே, அந்த மாதிரியா?" என்று கேட்டாள் பவித்ரா.

நறுமுகைக்கு இந்தக் கேள்வி பிடிக்கும். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"நம்ம பஸ் ஸ்டாண்ட நெனச்சுக்கோங்க. பூக்காரம்மா, டீக்கடை, வெள்ளரிக்கா விக்கிறவரு, எல்லாரும் அவங்கவங்க எடத்துல உக்காந்திருக்காங்கல்ல? மூக்குக்குள்ளயும் அப்படித்தான். நல்ல பாக்டீரியா லட்சக்கணக்குல எடம் பிடிச்சு உக்காந்திருக்கு."

"என் மூக்குலயா?" பவித்ரா சட்டென்று தலைப்பால் மூக்கை மூடினாள்.

"எல்லார் மூக்குலயும். அதே பஸ் ஸ்டாண்டுல ஒண்ணு ரெண்டு பிக்பாக்கெட்டும் நிப்பான். ஆனா அவனால ஒண்ணும் பண்ண முடியாது. நிக்க எடமில்ல, பூக்காரம்மா வேற பாத்துக்கிட்டே இருக்கு. பல்லக் குத்திக்கிட்டுச் சும்மா நிப்பான். நிமோகாக்கஸ்னு ஒரு கிருமி இருக்கு, அது இந்த ஜாதி. வருஷக்கணக்கா மூக்குல இருக்கும், வம்பே பண்ணாது."

"சரி."

"அப்ப ஒரு வைரஸ் வருது. அது புயல். பஸ் ஸ்டாண்டுக் கூரையவே பிச்சுருது. கடைக்காரங்க ஓடிடுறாங்க. புயல் கொஞ்ச நாள்ல போயிரும். காலியாக் கெடக்குற பஸ் ஸ்டாண்டுல யாரு மிஞ்சுவா?"

"பிக்பாக்கெட்டு!"

"அவனேதான். கூட்டாளிங்களச் சேத்துக்கிட்டு நெஞ்சுக்கு எறங்கிடுறான். மருந்து குடுத்தா அது போலீஸ் தடியடி மாதிரி. அவன் தடியடிக்குப் பழகினவன். அடி விழுறது மிஞ்சியிருக்கிற பூக்காரம்மா மேல. அதனால அடிக்கிறத விட்டுட்டு, வேற ஒரு நல்ல மூக்குல இருந்து கடைக்காரங்களக் கூட்டிட்டு வந்து உக்கார வைக்கிறோம். அவங்க எடத்தப் பிடிச்சுட்டா அவன் தானா ஒதுங்கிடுவான்."

"அதுக்கு எந்த மூக்கா இருந்தா என்ன? ஊர்ல மூக்குக்கா பஞ்சம்?"

"மதுரைப் பூக்காரம்மாவக் கொண்டாந்து இங்க உக்கார வச்சா மறுநாளே கூடையத் தூக்கிட்டுப் போயிரும். ஊரு பழகணும், ஆளு பழகணும். ரெண்டு மூக்கு ரொம்ப நாளா கிட்டக்கிட்ட இருந்து, கிருமிங்க போயி வந்து பழகியிருந்தாத்தான் நடவு பிடிக்கும். இல்லன்னா வீண்."

பவித்ரா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மெல்ல முக்கியமான கேள்விக்கு வந்தாள். "அப்ப எங்க வீட்டுக்காரர் மூக்குக்குப் பொருந்துற மூக்கு ஊர்ல இருக்கா இல்லையா?"

"இருக்கு. எம்பத்திநாலு."

"யாரு அவ?"

"அவளா அவனான்னுகூடச் சொல்லக் கூடாதும்மா. சட்டம்."

சட்டத்துக்குக் காரணம் இருந்தது. வருஷத்துக்கு ஒரு முறை மழைக்காலத்துக்கு முன்பு ஊரெங்கும் மூக்கு முகாம் நடக்கும். எல்லோரிடமும் மாதிரி எடுத்து, யாருடைய மூக்கு யாருடைய மூக்கோடு பழகுகிறது என்று பொறி ஒரு வரைபடம் போட்டு வைத்துக்கொள்ளும். ஆபத்துக்கு உதவட்டும் என்றுதான் செய்தார்கள். முதல் வருஷம் அந்த வரைபடத்தை எல்லோரும் பார்க்கும்படி விட்டுவிட்டார்கள். அந்த ஒரு வருஷத்தில் நின்றுபோன கல்யாணங்களும் மாறிப்போன வாடகை வீடுகளும் கொஞ்சநஞ்சமல்ல. பெண் பார்க்க வந்தவர்கள் பத்துப் பொருத்தத்தோடு பதினொன்றாவதாக மூக்குப் பொருத்தம் கேட்டார்கள். பொருத்தம் அதிகமாக இருந்தால் ஏன் அதிகம் என்று கேட்டார்கள். அதன் பிறகுதான் வரைபடத்தைச் சிகிச்சை செய்யும் மருத்துவர் மட்டுமே பார்க்கலாம், பார்த்ததை வாய் திறக்கக் கூடாது என்று ஆயிற்று.

"எம்பத்திநாலு" என்று இன்னொரு தடவை சொன்னாள் பவித்ரா. நோயைவிட அந்த எண் அவளை அதிகம் வாட்டியது. "சொந்தம்னு பாத்தா ஒரே ஒரு தம்பி, பக்கத்து வீட்டுல. அவரா இருக்க முடியாது. பதினோரு வருஷமாப் பேச்சுவார்த்தையே இல்ல."

"என்ன சண்டை?"

"எங்க மக கல்யாணம். மாப்பிள்ள வீட்டு ஆளுக திடுதிப்புனு பந்திக்கு வந்துட்டாக. எடமில்ல. இவுக நேராத் தம்பிகிட்டப் போயி, 'எந்திரிலே, நீ நம்ம வீட்டு ஆளு, அடுத்த பந்தில பாத்துக்கிடலாம்'னுட்டாக. பாயசம் ரெண்டு எலை தள்ளி வந்துக்கிட்டிருக்கு டாக்டர்! அவரு எந்திரிச்சாரு, கை கழுவுனாரு, வீட்டுக்குப் போயிட்டாரு. அன்னைக்கிருந்து அவங்க வீட்டுல நாங்க கை நனைக்கிறதில்ல, எங்க வீட்டுல அவங்க நனைக்கிறதில்ல."

"ஒரு பாயசத்துக்கா?"

"பாயசமா பெருசு? பந்தியில இருந்து எழுப்பினா மனுசன் மறப்பானா?"

"அந்தத் தம்பியோட மனைவி? அவங்ககூடவும் பேச்சு இல்லையா?"

"அவகூட எனக்கென்ன பேச்சு" என்றாள் பவித்ரா. கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது.

*

தன் அறைக்கு வந்து வரைபடத்தைத் திறந்த நறுமுகை, அந்த எண்பத்திநாலின் பெயரை இன்னொரு முறை வாசித்தாள். தனராஜ். செண்பகராஜின் தம்பி. பதினோரு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத அதே தம்பி.

கூடப் பிறந்ததால் இப்படி வராது. மூக்குக் கிருமிகளுக்குப் பூர்வீகம் தெரியாது. போன மாதம் யாரோடு நெருங்கி இருந்தோம் என்பது மட்டும்தான் அவற்றுக்குத் தெரியும். எண்பத்திநாலு என்றால், இந்த இரண்டு மூக்குகளும் அநேகமாகத் தினமும் சந்தித்துக்கொண்டிருக்கின்றன.

சட்டப்படி அவள் அனுப்பக்கூடியது ஒரே ஒரு வாசகம்: 'உங்கள் மூக்கு ஒருவருக்குத் தேவைப்படுகிறது. விருப்பம் இருந்தால் வரவும்.' அனுப்பிவிட்டு ஒரு காபி குடித்து முடிப்பதற்குள், ஆஸ்பத்திரியின் பின்பக்கம் துணி துவைக்கும் இடத்தின் வழியாக ஹெல்மெட் போட்ட ஓர் ஆள் உள்ளே வந்தார். உட்கார்ந்த பிறகும் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

"அண்ணனுக்குத்தான?" என்றது ஹெல்மெட்.

"அதச் சொல்லக் கூடாதுங்க."

"அண்ணனுக்குத்தான். எனக்கு வேற யாரு மூக்கோட என்ன சம்பந்தம்?"

"உங்களுக்குள்ள பேச்சுவார்த்தை இல்லன்னு கேள்விப்பட்டேன்."

"சத்தியமா இல்ல!" தனராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஒரு வார்த்தை கெடையாது டாக்டர். பொடி மட்டுந்தான்."

"என்ன பொடி?"

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னத் தகர டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தார். மூக்குப்பொடி. இந்தக் காலத்தில் இதை யார் போடுகிறார்கள் என்று நறுமுகை வியந்துகொண்டிருக்கும்போதே அவர் சொல்லத் தொடங்கினார்.

"காலைல கதிரேசன் மலைக்கு நடப்பேன். அவரும் வருவாரு. நான் ஒரு பாறை, அவரு ஒரு பாறை. பாத்துக்கிடவே மாட்டோம். ஒரு நாளு எனக்குப் பொடி தீந்துபோச்சு. வெறும் டப்பாவத் தட்டித் தட்டிப் பாத்துக்கிட்டிருந்தேன். அவரு எந்திரிச்சு வந்தாரு. அவரு டப்பாவத் தெறந்து என் பக்கத்துல வச்சாரு. அந்தாக்குல திரும்பி நின்னு ஊரப் பாத்துக்கிட்டிருந்தாரு. நாய்க்கு வச்ச மாதிரி."

"எடுத்தீங்களா?"

"பொடி தீந்துபோச்சுன்னு சொன்னேன்லா? எடுக்காம?" ஹெல்மெட்டுக்குள் சிரிப்புச் சத்தம் கேட்டது. "மறுநா நான் வச்சேன். இப்ப ஒரே பாறைதான். ஒரு நாளு அவரு டப்பா, ஒரு நாளு என் டப்பா. ஒரு டப்பாவுல ரெண்டு பேரு வெரலு. பேச்சு மட்டும் கெடையாது. அதுல ரெண்டு பேரும் கண்டிசன்."

டப்பாவிலிருந்து விரலுக்கு, விரலிலிருந்து மூக்குக்கு, மூக்கிலிருந்து மறுபடி டப்பாவுக்கு. இதைவிட நல்ல பாதையைக் கிருமிகளே திட்டம் போட்டாலும் அமைத்திருக்க முடியாது. "பொடி போடுறதுக்கு உங்களத் தனியாத் திட்டணும்" என்றாள் நறுமுகை. "அத அப்புறம் வச்சுக்கிடலாம்."

"திட்டுங்க. ஆனா எங்க வீட்டுல தெரியக் கூடாது. எம் பொஞ்சாதி சுஜிதா இருக்கா பாருங்க, என்னை எழுப்பிவிட்டாங்கன்னு எனக்காக ரோசப்பட்டு, இன்னை வரைக்கும் மதினி மூஞ்சியவே பாக்கல. நான் இங்க பொடி வாங்கிக்கிட்டிருக்கேன்னு தெரிஞ்சா அவ ரோசத்துக்கு என்ன மரியாதை?" என்றவர், பேச்சை நிறுத்தி, முழங்கையை ஹெல்மெட்டுக்கு முன்னால் கொண்டுபோய்ப் பலமாகத் தும்மினார்.

நறுமுகையின் கை குச்சியை எடுக்காமல் நின்றது. "சளியா?"

"நாலஞ்சு நாளா. லேசாத்தான்."

அவள் மாதிரி எடுத்துப் பொறியில் வைத்தாள். பார்க்காமலே விடை தெரிந்திருந்தது. கிருமிகள் வந்த அதே டப்பாவில்தான் வைரஸும் வந்திருந்தது. தம்பியின் பஸ் ஸ்டாண்டிலும் கூரை இல்லை.

"உங்க மூக்குல இப்ப எடுத்து நட ஒண்ணும் இல்லங்க. இருக்கிறது பிக்பாக்கெட்டு மாதிரிக் கெட்ட கிருமிதான். நீங்க தாங்கிட்டீங்க, உங்க அண்ணனால..." சட்டம் நினைவுக்கு வந்து நிறுத்தினாள்.

தனராஜ் முதல் முறையாக ஹெல்மெட்டைக் கழற்றினார். தலையில் முடி குறைவு, கண் சிவந்திருந்தது. "அவருக்குச் சளி தொடங்குன அன்னைக்கு அவரு டப்பா முறை" என்றார். "ரெண்டு தடவ எடுத்தேன். ஒரு தடவையோட நிறுத்தியிருக்கலாம்." பிறகு, "வேற மூக்கே இல்லையா டாக்டர்?" என்றார்.

*

இருந்தது. அவர் போனபின் வரைபடத்தில் அடுத்த புள்ளியைத் தேடியவள், அறுபத்தேழில் நின்றாள். சுஜிதா. தனராஜின் மனைவி. கணவனிடமிருந்து அவளுக்கு வந்திருக்கிறது, நியாயம்தான். ஆனால் சுஜிதாவின் புள்ளியிலிருந்து இன்னொரு தடித்த கோடு கிளம்பிப் போவதை அவள் அப்போதுதான் கவனித்தாள். அது போய் முடிந்த இடம் பவித்ரா. எழுபத்தொன்பது.

நறுமுகை அறையில் தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தாள். பவித்ராவின் அந்த நாற்பத்தெட்டு எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிந்தது. கணவன் மூக்கிலிருந்து புறப்பட்ட கிருமி, கீழ்த்தளத்திலிருந்து மாடிக்கு ஏறி வரவில்லை. அது கதிரேசன் மலை ஏறி, பொடி டப்பாவில் இறங்கி, தம்பி வீட்டுக்குப் போய், அங்கிருந்து எப்படியோ மனைவியிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

எப்படியோ என்பதை மறுநாள் சுஜிதாவே வந்து சொன்னாள்.

"எங்க வீட்டுக்காரரு காலைல மலைக்குப் போயிருவாரு. பெரியவுகளும் அந்நேரம்தான் எங்கயோ நடக்கப் போவாக. நல்லவேளை, ரெண்டு பேரும் வேற வேற பக்கம்" என்றாள். நறுமுகை முகத்தை அசைக்காமல் வைத்துக்கொண்டாள். "அப்ப நானும் அக்காவும் பின்பக்கச் சுவருகிட்ட வந்துருவோம். நெஞ்சு ஒசரந்தான் சுவரு. சத்தமாப் பேசினா எதுத்த வீட்டு ஜன்னலுக்குக் கேட்டுரும், அங்கன கேட்டா ஊருக்கே கேட்ட மாதிரி. அதனால மூஞ்சியோட மூஞ்சி வச்சுக் குசுகுசுன்னுதான் பேசுவோம்."

"எவ்வளவு நேரம்?"

"அவரு திரும்பி வார வரைக்கும். சில நாளு என் மூச்ச அக்கா விடுவாக, அக்கா மூச்ச நான் விடுவேன்."

நறுமுகை படித்த எந்தப் பாடத்திலும் இது இல்லை. ஒளிவுமறைவு இல்லாதவர்கள் இருபதடி தள்ளி நின்று கத்துகிறார்கள். ஒளித்துப் பேச வேண்டியவர்கள்தான் மூக்கோடு மூக்கு வைக்கிறார்கள்.

"குடுக்க எனக்கு முழுச் சம்மதம்" என்று சுஜிதா, சளி எட்டிப்பார்க்காத மூக்கை அண்ணாந்து காட்டினாள். "ஆனா எங்க வீட்டுக்காரருக்குத் தெரியவே கூடாது. அண்ணன் பேரச் சொன்னாலே அவருக்கு மூஞ்சி மாறிரும். அக்காவுக்கும் தெரியக் கூடாது. 'யாருட்டீ அந்த எம்பத்திநாலு'ன்னு நேத்துப் பூரா எங்கிட்டத்தான் அழுதாக. இப்ப எம் மூக்குதான்னு தெரிஞ்சா என்ன நெனைப்பாக?"

"நீங்க எம்பத்திநாலு இல்ல."

"அப்ப அது யாரு?" என்று சுஜிதா ஆவலோடு கேட்டாள்.

நடவுக்கு முன்னால் நறுமுகை வார்டுக்குப் போனபோது செண்பகராஜ் விழித்திருந்தார். பேசினால் மூச்சு வாங்கியது. ஆனாலும் ஆக்சிஜன் மூடியைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

"டாக்டர்... அந்த எம்பத்திநாலு... அவனுக்கும் சளியா?"

"யாருக்குங்க?"

"யாரோ ஒருத்தன். பொடி போடுற பய." மூச்சு வாங்கினார். "எங்கிட்ட இருந்து போயிருக்குமோன்னு..."

"அந்த யாரோ ஒருத்தர் நல்லா இருக்காரு. லேசான சளிதான். தேறிடுவாரு."

செண்பகராஜ் மூடியைப் பழையபடி வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். அதற்குப் பிறகுதான், யாருடைய மூக்கை வேண்டுமானாலும் நடுங்கள் என்பதுபோல முகத்தைக் காட்டினார்.

அறுபத்தேழு என்பது எல்லைக்குச் சற்று மேலேதான். முதல் நடவு பிடிக்கவில்லை. இரண்டாவது பிடித்த மாதிரி இருந்தது. நறுமுகை, தன் ஆஸ்பத்திரி வாழ்க்கையில் முதல் தடவையாகச் சுவாமி படத்தைப் பார்த்து, பூக்காரம்மா உட்காரணும் என்று வேண்டிக்கொண்டாள். மூன்றாவது நடவுக்குப் பிறகு காய்ச்சல் இறங்கியது. ஆக்சிஜனைக் குறைத்தார்கள். பிறகு எடுத்தேவிட்டார்கள். மூக்கு தெளிந்ததும் அவர் முதலில் முகர்ந்தது ஆஸ்பத்திரி சாம்பாரை. "இதுக்கு மூக்கு அடச்சே இருந்திருக்கலாம்" என்றார்.

*

நடவு நிலைத்திருக்கிறதா என்று பார்க்க, கொஞ்ச நாள் கழித்துச் சம்பந்தப்பட்ட எல்லா மூக்குகளையும் திரும்பச் சோதிக்க வேண்டும். "நாலு பேருக்கும் தனித்தனி நேரம் போடட்டுமா டாக்டர்?" என்று நர்ஸ் ஜோஸ்பின் கேட்டாள்.

தனித்தனியாகப் போடுவதுதான் வழக்கம். ஆனால் தனித்தனியாகத்தான் போட வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் எழுதவில்லை. நறுமுகை யோசித்தாள். இரண்டு வீடு, நாலு பேர், நாலு பேரும் மற்ற மூன்று பேருக்காகக் கோபத்தைத் தூக்கிச் சுமக்கிறார்கள். சுமை இறங்கினால் என்ன கெட்டுவிடும்?

"ஒரே நேரத்துக்கு வரச் சொல்லுங்க சிஸ்டர்."

நாலு பேரும் காத்திருப்பு அறையின் நாலு மூலையில் உட்கார்ந்தார்கள். செண்பகராஜ் மின்விசிறியைப் பார்த்தார். தனராஜ் தன் செருப்பைப் பார்த்தார். பெண்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் இருப்பதில் அத்தனை திறமை காட்டினார்கள். நறுமுகை கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்றாள்.

மின்விசிறித் தூசு விழுந்திருக்க வேண்டும். செண்பகராஜ் தும்மினார்.

"நூறு!" என்றன மூன்று குரல்கள், ஒரே சமயத்தில்.

தும்மினவர் நூறு வயது வாழ வேண்டும் என்று சொல்வது யோசித்துச் செய்கிற காரியமல்ல; நாக்கு தானாகச் சொல்லிவிடும். சொன்ன பிறகு மூன்று பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். செண்பகராஜ் தம்பியைப் பார்த்தார். தம்பி கூரையைப் பார்த்தார். செண்பகராஜுக்கு அடுத்த தும்மல் வந்தது.

"எரநூறு" என்றார் தனராஜ், கூரையைப் பார்த்தபடியே.

"ஓ, ஒங்களுக்குப் பேச வருமா?" என்றாள் சுஜிதா கணவனிடம்.

"நீ மட்டும் சொன்னியே!"

"அக்கா சொன்னாக, நானும் சொன்னேன்."

"அது எந்த அக்கா?" என்றார் தனராஜ்.

அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் அந்த அறையில் நடந்ததை நறுமுகை கதவைச் சாத்திவிட்டே கேட்டாள், சாத்தினாலும் கேட்டது. பொடி டப்பா வெளியே வந்தது. பின்பக்கச் சுவர் வெளியே வந்தது. எண்பத்திநாலு யார் என்று தெரிந்ததும் பவித்ரா தனராஜின் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். "நீருதானா? எனக்கு எத்தன நாளு தூக்கம் போச்சு தெரியுமாவே?" அன்று மத்தியானம் நாலு பேரும் ஒரே வீட்டில் சாப்பிட்டார்கள்.

சட்டத்தை மீறவில்லை, லேசாக வளைத்தேன், அவ்வளவுதான் என்று நறுமுகை தன்னைத் தானே மெச்சிக்கொண்டாள்.

அந்த மெச்சல் அடுத்த வருஷ முகாம் வரை நீடித்தது.

புது வரைபடத்தில் அவள் ஆசையோடு தேடிப் பார்த்த இடம் அந்த நாலு புள்ளிகள்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். அண்ணன் தம்பி: நாற்பத்தொன்று. ஓரகத்திகள் இருவரும்: முப்பத்தெட்டு. செண்பகராஜும் பவித்ராவும்: இருபத்திரண்டு. அந்த நடவுக்கு முன்பு அவரைக் காப்பாற்ற ஒரு மூக்காவது இருந்தது. இப்போது இந்த மழையில் செண்பகராஜுக்கோ பவித்ராவுக்கோ நெஞ்சுக்கு இறங்கினால், நட ஒரு நாற்று இல்லை.

நாலு பேரையும் வரவழைத்தாள்.

"மறுபடியும் சண்டையா?"

"ஐயையோ, இல்ல டாக்டர்!" என்றாள் பவித்ரா. "ரொம்ப சமாதானமா இருக்கோம். நான் எங்க வீட்டு வாசல்ல இருந்து கூப்பிட்டா இவ அவ வீட்டு அடுப்படில இருந்து பதில் சொல்லுவா. இப்ப யாருக்குப் பயம்?"

"பின்பக்கச் சுவரு?"

"அங்க எதுக்குப் போயி நிக்க? கொசு."

நறுமுகை அண்ணன் தம்பியைப் பார்த்தாள். "மலை?"

"போன்ல பேசிக்கிடுறோம்" என்றார் தனராஜ். "பொடிய மதினி நிறுத்த வச்சுட்டாக. பொடி இல்லன்னா மலை எதுக்கு?"

அவள் வரைபடத்தைக் காட்டவில்லை. எண்களை மட்டும் சொன்னாள். எண்களின் அர்த்தத்தையும் சொன்னாள். அவர்கள் முகம் மாறியது. போன மழையை யாரும் மறக்கவில்லை.

"தப்பு என்னோடது" என்றாள் நறுமுகை. "கிட்ட வாங்க. தினமும் கொஞ்ச நேரம் பக்கத்துல உக்காந்து பேசுங்க, போதும்."

நாலு பேரும் நாற்காலிகளை நெருக்கிப் போட்டுக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். செண்பகராஜ் தொண்டையைச் செருமினார். "வெக்கமா இருக்கு டாக்டர். சும்மா எப்படி இவன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்க?"

"திருட்டுத்தனமா இருந்தாத்தான் கிட்ட போக வருது" என்றாள் சுஜிதா.

"பொடிக்கு மட்டும் திரும்பப் போகக் கூடாது" என்று நறுமுகை அவசரமாகச் சொல்லிவைத்தாள். "டப்பாவுல வேற எதாவது போட்டுக்கோங்க."

நாலு பேரும் ஏதோ பெரிய கணக்கைப் போட்டுக்கொண்டே எழுந்து போனார்கள்.

*

அந்த மழைக்காலம் தும்மலும் இருமலுமாகக் கடந்தது. நல்லவேளையாக, நாலு பேரில் ஒருவருக்கும் நெஞ்சுக்கு இறங்கவில்லை. தை மாதம் தனராஜின் மகனுக்குக் கல்யாணம். நறுமுகைக்கும் அழைப்பு வந்தது. முதல் பந்தியில் செண்பகராஜுக்கு எதிர் வரிசையில் அவளுக்கு இலை. அண்ணன் பட்டு வேட்டியில் நிறைவாக உட்கார்ந்து, ரசம் வரை வந்துவிட்டார். பாயச வாளி அவருக்கு இரண்டு இலை தள்ளி வந்துகொண்டிருந்தது.

தனராஜ் வேகமாக உள்ளே வந்தார். நேராக அண்ணனிடம் போய், மண்டபமே கேட்கும்படி சொன்னார்: "அண்ணே, எந்திரிங்க. பொண்ணு வீட்டு ஆளுக நிக்காக. நீங்க நம்ம வீட்டு ஆளு, அடுத்த பந்தில பாத்துக்கிடலாம்."

பாயசக் கரண்டி அந்தரத்தில் நின்றது. செண்பகராஜ் தம்பியை ஏற இறங்கப் பார்த்தார். "பாயசம்?" என்றார்.

"அடுத்த பந்தில."

அவர் இலையை மடிக்காமல் எழுந்தார். வரிசையில் யாரோ, "இத்தன வருஷமா மனசுல வச்சிருந்திருக்கான்யா" என்று முணுமுணுத்தார்கள். பவித்ரா பந்திக்கு நடுவில் நின்று, இனி இந்த வீட்டு வாசப்படி மிதிச்சேனா பாரு என்று சத்தம் போட்டாள். மிதிக்காட்டா போங்க என்று சுஜிதா அதைவிடச் சத்தமாகச் சொன்னாள். கிழக்கு வாசல் வழியாக ஒருத்தி போனாள், மேற்கு வாசல் வழியாக ஒருத்தி. இரண்டு வாசலுமே மண்டபத்தின் ஒரே கொல்லைப்புறத்துக்குத்தான் போகின்றன என்பதை, பந்திக்கு முன் கை கழுவப் போனபோதே நறுமுகை பார்த்திருந்தாள்.

செண்பகராஜ் அவள் இலையைத் தாண்டிப் போகும்போது வேட்டி நுனியைச் சரிசெய்வதுபோல ஒரு நொடி குனிந்தார். கையில் அந்தத் தகர டப்பா. உள்ளே கடலைமிட்டாய்த் துண்டுகள் குலுங்கின.

"அடுத்த முகாம் எப்ப டாக்டர்?" என்றார் மெல்ல.

"ஐப்பசிக்கு முன்னால."

"அதுக்குள்ள எம்பதத் தாண்டிருவோம்" என்றவர், முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார்.

வாளி நகர்ந்து எதிர் வரிசைக்கு வந்தது. அண்ணனுக்கு விழ வேண்டிய கரண்டிப் பாயசம் நறுமுகையின் இலையில் விழுந்தது. அதில் முந்திரிப் பருப்பு நிறையவே இருந்தது.